சந்தானத்தின் மீன் விசாரணை

"ஏன்னா, அதுவும் போயிடுத்து" என்றாள் அனந்தலக்ஷ்மி, காப்பி டம்ளரை நீட்டிக்கொண்டே. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது என்று சொல்கிற அதே குரல்.

சந்தானமும் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆரஞ்சா, நீலமா?" என்றுதான் கேட்டார்.

ஆரஞ்சுதான். வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். வாங்கி வந்து முழுசாக ஒரு வாரம்கூட ஆகவில்லை. நேற்றுச் சாயங்காலமே நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. காலையில் பார்த்தால் வெள்ளை மணல்மேல் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. கூட இருந்த நீல மீன் ஒரு மூலையில் செவுளைப் படபடவென்று அடித்துக்கொண்டு நின்றது. அதுவும் நிலைக்கும் என்று யாரும் நினைக்கவில்லை.

இந்த வீட்டில் இதற்கு முன்பும் மீன் செத்திருக்கிறது. முதல் தடவை பதறினார்கள். இரண்டாம் தடவை ஒருத்தர்மேல் ஒருத்தர் எரிந்து விழுந்தார்கள். அதற்கப்புறம் பதறவும் எரிந்து விழவும் யாருக்கும் தெம்பில்லை. இரண்டாயிரமாவது வருஷத்து மார்கழி அது. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் வீட்டுக்கு வீடு கோலமும் பொங்கலுமாக அமர்க்களப்பட்டுக்கொண்டிருக்க, சந்தானம் வீட்டில் மட்டும் பெருமாளுக்குப் பண்ண வேண்டியதைப் பண்ணிவிட்டு மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மூன்றாவது ஆள் நிருபமா. ஒரே பெண். தொட்டிக்கு எதிரே பிரம்பு நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, செத்த மீனையும் உயிரோடிருந்த மீனையும் ஒரே மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முன்னால் அவளைப் பார்த்திருந்தால், இவளா அவள் என்று கேட்பீர்கள். எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி. குடிதண்ணீரைப் பரிசோதித்துச் சொல்கிற ஒரு லாபரட்டரியில் கல்யாணத்துக்கு முன்னால் சக்கைப்போடு போட்டவள். சரியான வாயாடி. பஸ் கண்டக்டரிடம் கன்னடத்திலும் காய்காரியிடம் தமிழிலும் மேலதிகாரியிடம் இங்கிலீஷிலும் சண்டை போட்டு ஜெயித்துக்கொண்டு வருவாள். "இவ வாயை அடக்கவே ஒரு மாப்பிள்ளை பாக்கணும்" என்று அனந்தலக்ஷ்மி அக்கம்பக்கத்தில் வேடிக்கையாகச் சொல்வாள். மாப்பிள்ளையும் வாய்த்தான். ஜெயநகர் கஸ்தூரிரங்கனின் மூத்த பிள்ளை அஷ்வத், நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பெண்ணும் விமானம் ஏறினாள்.

ஏறியவள் அத்தை பெண் கல்யாணத்துக்கென்று ஆவணியில் திரும்பி வந்தாள். கல்யாணம் முடிந்தது, பட்சணம் தீர்ந்தது, திரும்பிப் போகிற பேச்சை அவள் எடுக்கவில்லை. எந்தப் பேச்சையும் எடுக்கவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். குளி என்றால் குளித்தாள். மற்றபடிக்கு ஒரு "உம்", ஒரு "சரி". அழுதாலாவது பெற்றவர்களுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அவள் அழவும் இல்லை.

கஸ்தூரிரங்கன் விடுவாரா? "தை பொறந்ததும் அனுப்பி வெச்சுடுங்கோ ஸ்வாமி. பையன் பாவம், ஒண்டியா சமைச்சு சாப்பிட்டுண்டிருக்கான். என்ன பெரிய பிரச்சினை? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிண்டா எல்லாம் சரியாப் போயிடும்" என்று போனில் சொல்லிவிட்டார். தேதி குறிப்பதற்கு இன்றைக்குச் சாயங்காலம் சம்சாரம் ஜெயலக்ஷ்மியோடு நேரிலேயே வரப்போகிறார். பெண்ணை இந்த நிலைமையில் பிளேன் ஏற்றுவதா, வேண்டாமா? சந்தானத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இதுதான். முடியாது என்று சொல்லக் காரணம் வேண்டும். காரணம் அவரிடம் இல்லை. அவள் கொஞ்சம் தேறி, பழையபடி நாலு வார்த்தை பேசிவிட்டால் அனுப்பிவிடலாம் என்று நினைத்திருந்தார். தேற்றுவதற்காகத்தான் மீன் வந்தது.

மீன் யோசனை பல் டாக்டர் கிளினிக்கில் பிறந்தது. சந்தானத்தின் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போனபோது துணைக்கு நிருபமாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அங்கே கூடத்தில் ஒரு கடல் மீன் தொட்டி. சந்தானம் வாயில் பஞ்சோடு வெளியே வரும்வரை அவள் அதன் முன்னாலேயே நின்றிருந்தாள். போதாதா? ஊரிலிருந்து வந்த நாளாக அவள் ஒரு பொருளை ஏறெடுத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மறுநாளே சந்தானம் சிவாஜிநகர் பக்கம் போய், தொட்டி, மணல், கடல் உப்புப் பொட்டலம், குமிழி விடுகிற மோட்டார் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். தங்கமீன் வாங்கினால் போதாதோ என்று பக்கத்து வீட்டு சுந்தரேசன் கேட்டதற்கு, "அவளுக்கு உப்புத் தண்ணி மீன்தான் பிடிக்கும்" என்று பெருமையாகப் பதில் சொன்னார். அவளைக் கேட்டுச் சொன்ன பதில் இல்லை.

முதலில் மஞ்சளில் ஒன்று, கோடு போட்டதில் ஒன்று. மஞ்சள் மூன்றாம் நாளே கண்ணை மூடியது. இல்லை, மீன் கண்ணை மூடாது. திறந்த கண்ணோடு மிதந்தது. அனந்தலக்ஷ்மிக்குத் தர்மசங்கடம். கூடத்தை ஒட்டித்தான் பூஜை பண்ணுகிற பெருமாள் உள். "சாவு விழுந்த ஜலத்தை ஆத்துல வெச்சுண்டு நான் எப்படி விளக்கேத்தறது?" என்றாள். இருந்த மீனை வாளியில் விட்டுவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்தாள். மணலைப் பின்பக்கத் துவைக்கிற கல்லில் கொட்டி, வெந்நீர் ஊற்றி ஊற்றி அலசி, மொட்டை மாடியில் வடாம் போலப் பழைய வேட்டியில் பரப்பிக் காயவைத்தாள். சங்கும் பவளக் கல்லும் அண்டாவில் கொதித்தன. மோட்டாரில் இருந்த பஞ்சையும் விடவில்லை, கொதிக்கிற தண்ணீரில் முக்கிப் பிழிந்தாள். கண்ணாடியைப் புளி போட்டுத் தேய்த்தாள். அப்புறம் புது ஜலம், புது உப்பு. சும்மா சொல்லக்கூடாது, தொட்டி கண்ணைப் பறித்தது. கோடு போட்ட மீன் அந்தப் பளபளப்பில் நாலைந்து நாள் நீந்திவிட்டு அதுவும் போயிற்று. மறுபடி அண்டா, மறுபடி மொட்டை மாடி.

சந்தானம் விசாரணையை ஆரம்பித்தது அப்போதுதான். அவர் மாநில அரசில் மின் ஆய்வுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கேயாவது ஷாக் அடித்து யாராவது போய்விட்டால் இவர்தான் போய் விசாரிக்கவேண்டும். லைன்மேனைக் கேட்பார், ஜூனியர் இன்ஜினியரைக் கேட்பார், வீட்டுக்காரரைக் கேட்பார், எதிர்க் கடைக்காரரைக்கூட விடமாட்டார். ஷாக் அடித்தவரை மட்டும் கேட்கமுடியாது, அவர்தான் இருக்கமாட்டாரே. ஆயுசு முழுக்க இப்படிக் கேட்டே பழகிய மனுஷன். ஒவ்வொருவராகக் கேட்டு, ஒவ்வொரு காரணமாகக் கழித்து, மிஞ்சுவதைக் குற்றவாளி என்று எழுதிவிட்டு வந்துவிடுவார்.

மீன் விஷயத்திலும் அதேபோலத்தான் இறங்கினார். கடைக்காரரைக் கேட்டார். உப்பு கூடிப்போயிருக்கும் என்றார் அவர். உப்பு அளக்கிற கருவியை வாங்கி வந்து அளந்தார், சரியாக இருந்தது. சுந்தரேசன், காவேரித் தண்ணீரில் போடுகிற குளோரின்தான் என்று அடித்துச் சொன்னார். தண்ணீரை டிரம்மில் பிடித்து இரண்டு நாள் ஆறவைத்து ஊற்றினார். கரண்ட் போனால் மோட்டார் நின்றுபோகிறதே என்று ஒரு பேட்டரி வைத்தார். பெங்களூர்க் குளிர் காரணமோ என்று ஹீட்டர் போட்டார். சாம்பிராணிப் புகையோ என்று சந்தேகம் வந்து, அனந்தலக்ஷ்மியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்து அமெரிக்காக்காரர்கள் எழுதியதையெல்லாம் படித்தார். படித்ததில் பாதி புரியவில்லை. கடைசியில் கண் திருஷ்டி என்றுகூட ஒருத்தர் சொல்ல, தொட்டிக்கு ஒரு எலுமிச்சம்பழம் சுற்றிப் போடப்பட்டது.

பிரேசர் டவுன் தியோடர் அகப்பட்டது இந்தச் சமயத்தில்தான். இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. வீட்டில் வருஷக்கணக்காகக் கடல் மீன் வளர்க்கிறவர். சந்தானத்தின் நச்சரிப்புத் தாங்காமல் ஒருநாள் ஸ்கூட்டரில் வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அவசரப்பட்டுட்டீங்க சார். தண்ணி, மணல் எல்லாம் போட்டு, மீன் இல்லாம ஒரு மாசம் சும்மா ஓட விடணும். தொட்டி பழுக்கணும் சார். அப்புறம்தான் மீன் விடணும்."

"ஒரு மாசம்தானே? விட்டுட்டாப் போச்சு" என்றார் சந்தானம்.

"க்ளீனிங் எல்லாம் எப்படி சார், ரெகுலரா பண்றீங்களா?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்!"

"வெரிகுட்" என்று சொல்லிவிட்டுத் தியோடர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். க்ளீனிங் என்று அவர் நினைத்தது கண்ணாடியைத் துடைப்பது. அண்டாவை அவர் கண்டாரா?

சொன்னபடி ஒரு மாதம் ஓடவிட்டார்கள். மீன் இல்லாத தொட்டியில் மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது, நிருபமா அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மணல்மேல் பழுப்பாக ஏதோ படிந்தது. கண்ணாடியில் பச்சைப் பச்சையாகப் புள்ளி வந்தது. கிட்டே போனால் கடற்கரை வாசனைகூட லேசாக அடித்தது. மீன் வாங்கப் போகிற நாளன்று அனந்தலக்ஷ்மி இதைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"புதுசா வர ஜீவனைப் பழைய அழுக்குலயா விடறது? மாட்டுப்பொண் வரான்னா ஆத்தை ஒட்டடை அடிக்காம இருப்போமா?"

சந்தானத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தியோடர் ஒரு மாதம் விடச் சொன்னார், விட்டாயிற்றே. மணல் மூட்டையை அவரே முதுகு வலிக்க மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார். சாயங்காலம் பளபளவென்று நின்ற தொட்டியில் ஆரஞ்சும் நீலமும் குடியேறின. அந்த ஆரஞ்சுதான் இன்றைக்கு மணலில் படுத்திருக்கிறது.

காப்பியைக் குடித்து முடித்துவிட்டு சந்தானம் எழுந்து வந்தார். அனந்தலக்ஷ்மி அதற்குள் மடிசாரைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு, வாளியோடு வந்து நின்றாள். சாயங்காலம் சம்பந்தி வருகிற வீட்டில் செத்த மீன் கிடக்கலாமா?

"வேண்டாம் அனந்தம், இதோட விட்டுடலாம். தொட்டியை யாருக்காவது குடுத்துடறேன்" என்றார். "நானும் கேக்காத ஆளில்லை. கடைக்காரனைக் கேட்டாச்சு, தியோடரைக் கேட்டாச்சு, சுந்தரேசனைக் கேட்டாச்சு. இன்னும் யாரைப் போய்க் கேக்கறது? எல்லாரையும் கேட்டாச்சு."

"என்னைக் கேக்கலை."

குரல் பிரம்பு நாற்காலியிலிருந்து வந்தது. இருவரும் திரும்பினார்கள். நிருபமா தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் பேசினாளா என்று சந்தேகம் வரும்படி முகம் அப்படியே இருந்தது.

"உனக்குத் தெரியுமாம்மா?" என்றார் சந்தானம்.

"தெரியும்."

"எப்போலேந்து?"

"ரெண்டாவது மீன் சாகறதுக்கு முன்னாலேந்தே."

அனந்தலக்ஷ்மி வாளியைக் கீழே வைத்தாள். நிருபமா, ஒரு நோயாளிக்கு ரிசல்ட் படித்துக் காட்டுகிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள்.

"மீன் சாப்பிட்டுட்டுக் கழிக்கறது இருக்கே, அது அம்மோனியா. அதுக்கே விஷம். மணல்ல, பஞ்சுல, கல்லுல எல்லாம் ஒரு பாக்டீரியா வளரும். கண்ணுக்குத் தெரியாது. அதுதான் அந்த விஷத்தைத் தின்னு தீங்கில்லாததா மாத்தும். அது வளர ஒரு மாசம், சமயத்துல அதுக்கும் மேல ஆகும். அதைத்தான் அந்த மாமா பழுக்கறதுன்னு சொன்னார். அம்மா ஒவ்வொரு தடவையும் வெந்நீர் ஊத்தி அதைக் கொன்னுடறா. பால்ல உறை குத்திட்டு, தோயறதுக்குள்ள எடுத்துக் காய்ச்சினா தயிர் ஆகுமா? அந்த மாதிரி. அழுக்குனால இதுகள் சாகலை. நன்னா அலம்பினதுனாலதான் செத்துது."

வீட்டுக்கு வந்த நாளாக அவள் இவ்வளவு பேசியதில்லை. சந்தானத்துக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, கேட்ட விஷயத்துக்கு வருத்தப்படுவதா என்றே தெரியவில்லை. அனந்தலக்ஷ்மி தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ நான்தானா? என் கையாலதானா?"

"ஆமாம்மா."

"அடிப்பாவி, தெரிஞ்சும் உக்காந்து பாத்துண்டிருந்தியா? வாயில்லா ஜீவன் ஒண்ணொண்ணா போறது, ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"சொல்லணும்னுதான் நெனச்சேன். வாய் வரலை" என்றாள் நிருபமா. "யாராவது கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னவோ. கேக்காம நானாப் பேசற பழக்கம் விட்டுப்போச்சு."

சந்தானம் நின்றபடியே இருந்தார். அடுப்பில் வெந்நீர் கொதிக்கிற சத்தம் கேட்டது, யாரும் அதை அணைக்கப் போகவில்லை. அவருக்கு மீன் ஞாபகம் போய்விட்டது. பெண் விஷயமாகத் தான் யார் யாரைக் கேட்டோம் என்று மனசு தானாக எண்ணிப் பார்க்க ஆரம்பித்தது. கஸ்தூரிரங்கனைக் கேட்டார். ஜெயலக்ஷ்மியைக் கேட்டார். நியூஜெர்சியில் இருக்கிற தூரத்து உறவுக்காரரை ஈமெயில் போட்டுக் கேட்டார். மனோதத்துவ டாக்டரைக் கேட்டார், ஜோசியரைக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுகிற மாப்பிள்ளையை வாராவாரம் கேட்டார். எல்லாரும் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள், அவரும் ஒவ்வொரு காரணமாகக் கழித்துக்கொண்டு வந்தார். இவளிடம் சாப்பிட்டாயா, தூங்கினாயா, மாத்திரை போட்டுக்கொண்டாயா என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. மறந்துபோய் அல்ல. பயந்துபோய். என்ன பதில் வருமோ என்று பயம். பதில் வந்துவிட்டால் அதற்கு ஏதாவது செய்தாகவேண்டுமே என்று அதைவிடப் பயம். வெட்கக்கேடு.

நாற்காலி ஒன்றை இழுத்து, தொட்டிக்கும் அவளுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். அவள் அவரைப் பார்த்துத்தான் ஆகவேண்டும்.

"நிரு, அங்க என்ன நடந்துதும்மா?"

அவள் அவரைத் தாண்டித் தொட்டியைத் தேடினாள். நீல மீன் அவர் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. பிறகு, முன்பு பேசிய அதே குரலில் ஆரம்பித்தாள்.

"எல்லாரும் அடிச்சாரான்னுதான் கேப்பா. அடிக்கலை. திட்டலை. பேசலை."

"பேசலைன்னா?" என்றாள் அனந்தலக்ஷ்மி தரையிலிருந்து.

"பேசலைன்னா பேசலைம்மா. போய்ச் சேர்ந்த முதல் வாரம் நாலு வார்த்தை. அப்புறம் ஒண்ணுமே கிடையாது. சாப்பாடு வேணும்னா தட்டை நகர்த்துவார். நான் எதிர்ல வந்தா சுவரைப் பாக்கற மாதிரி பாத்துண்டு போவார். ஏதோ கோபம்னு நெனச்சேன். சமையல் பிடிக்கலையோன்னு மாத்தினேன். புடவை பிடிக்கலையோன்னு அதை மாத்தினேன். நான் வேலைக்குப் போறேன்னு கேட்டதனாலயோன்னு, போகலைன்னேன். நான் ஜாஸ்தி பேசறேனோன்னு குறைச்சுண்டேன். ஒவ்வொண்ணா மாத்திப் பாத்தேன். என்னன்னே தெரியலை. கேட்டேன். காலைப் பிடிச்சுண்டு கேட்டேன். அதுக்கும் பதில் இல்லை. டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சார். அப்புறம் நானும் பேசறதை விட்டுட்டேன். வருஷம் பூரா. சில நாள் நான் இருக்கேனா இல்லையான்னே எனக்கு சந்தேகம் வந்துடும்."

"எங்ககிட்ட நன்னாத்தானேடி பேசுவார் போன்ல? அவ்வளவு வாஞ்சையா..." என்று அனந்தலக்ஷ்மி தடுமாறினாள்.

"ஆமாம். நான் பக்கத்துலதான் நின்னுண்டிருப்பேன். நிரு குளிக்கப் போயிருக்கா மாமா, நிரு தூங்கறா மாமான்னு சொல்லுவார். அப்பாவும், சரி மாப்பிள்ளை, அவகிட்ட விசாரிச்சேன்னு சொல்லிடுங்கோன்னு வெச்சுடுவார். எழுப்புங்கோன்னு ஒரு தடவை சொல்லுவேள்னு பாத்தேன்."

சந்தானத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் அப்படித்தான் சொன்னார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொன்னார். மாப்பிள்ளை எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறார் என்று ஊரெல்லாம் மெச்சிக்கொண்டார்.

"எனக்குத் தெரியாம போச்சேம்மா" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, இந்த நேரத்துக்கு வருவது ஒரே போன்தான். சந்தானம் பழக்க தோஷத்தில் பாதி எழுந்துவிட்டு அப்படியே நின்றார்.

"நான் எடுக்கட்டுமா?" என்றாள் நிருபமா.

அவர் தலையை ஆட்டினார். அவள் நாற்காலியிலிருந்து இறங்கி, கால் மரத்துப்போயிருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டு போய், ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ. நான்தான், நிருபமா பேசறேன்." நின்றாள். "நான் பேசறது கேக்கறதா?" மறுபடி நின்றாள். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. ரிசீவரை அப்பாவிடம் நீட்டினாள். "நீங்களே கேளுங்கோ."

சந்தானம் வாங்கிக் காதில் வைத்தார். லைன் அறுபடவில்லை. தூரத்தில் ஒரு டிவி ஓடிக்கொண்டிருந்தது. பீங்கான் தட்டில் ஸ்பூன் படுகிற சத்தம் கேட்டது. யாரோ நிதானமாக மென்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தானம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். ஸ்பூன் மறுபடி தட்டில் பட்டது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அந்தப் பக்கத்திலிருந்து பேச்சு வரவில்லை.

"ஹலோ" என்றார் கடைசியில்.

"ஆ, மாமா! நமஸ்காரம்! சௌக்கியமா இருக்கேளா? மாமிக்கு முட்டிவலி எப்படி இருக்கு? அங்க இந்த வருஷம் குளிர் ஜாஸ்தியாமே, அப்பா சொன்னார். வெளில போனா மப்ளர் கட்டிண்டு போங்கோ." அதே வாஞ்சை. அதே மரியாதை. "நிரு எங்க மாமா, தூங்கறாளா?"

சந்தானம் நிருபமாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஹலோ? மாமா? லைன்ல இருக்கேளா? ஹலோ?"

ரிசீவரைக் கீழே வைத்தார். அது சரியாக உட்காரவில்லை, இன்னொரு தடவை எடுத்து வைக்கவேண்டியிருந்தது. அனந்தலக்ஷ்மி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். நிருபமா போனுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"நிரு, சாயங்காலம் அவா வரேன்னு சொல்லியிருக்காளே" என்றார் சந்தானம். குரல் அவருக்கே வேற்றாள் குரல் போலக் கேட்டது. "வரவேண்டாம்னு சொல்லிடட்டுமா?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நானே சொல்றேன்ப்பா" என்றாள். "ஜெயநகர் நம்பர் என்ன?"